அம்மாவுக்குப் பல் வைக்கச் சென்னை போகலாமா? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்

மல்லாவி மகள்

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவின் பல் விஷயமாக ஒரு யோசனை கேட்க வேண்டும்.

அம்மாவுக்கு 65 வயது. மேல்வாயில் கொஞ்சம் பற்கள் மிஞ்சியிருக்கின்றன, கீழே ஒன்றுமே இல்லை. கட்டுப்பல் செய்து கொடுத்தோம். மேலே உள்ளது பரவாயில்லை. கீழே உள்ளது நிற்கவே நிற்காது. சாப்பிடும்போது கழற்றி வைத்துவிடுவார், வீட்டுக்கு ஆட்கள் வந்தால் மட்டும் எடுத்துப் போடுவார்.

சுவிஸில் இருக்கிற அண்ணா ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, "சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போ, ஒரு கிழமையில் முழுப் பல்லும் பூட்டி அனுப்புவார்கள், பலாலியில் ஏறினால் ஒரு மணித்தியாலத்துப் பயணம்தானே" என்று நிற்கிறார். ஒரு ஏஜென்சிக்கு வட்ஸ்அப்பில் எழுதினாராம். அவர்கள் அம்மாவின் எக்ஸ்ரேகூடக் கேட்காமல் எட்டு இம்பிளாண்டுக்கு, அதுதான் தாடை எலும்பில் திருகு வைத்துப் பல் பூட்டுகிற முறை, விலை போட்டு அனுப்பிவிட்டார்கள். காசு அண்ணா தருவார், கூடப் போய் வர வேண்டியது நான். பாஸ்போட் வவுனியாவில் எடுத்தாயிற்று. எனக்குத்தான் மனம் ஒரு நிலையில் இல்லை. யாராவது இப்படிப் போய்ப் பல் வைத்தீர்களா?

பரந்தன் பாலன்

இம்பிளாண்டுக்கு இல்லை, மனைவியின் பல்லுக்கு வேர்ச்சிகிச்சை செய்து உறை போடுவதற்காகச் சென்னை போனோம். வேலை நன்றாக இருந்தது, இன்றைக்கும் அந்தப் பல்லில் குறையில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னை இந்தியா எதிர்ப்பாளன் என்று எழுதக் கூடாது.

ஆனால் பல்லின் விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். இரண்டு பேருக்கு ரிக்கெற், விசா, வளசரவாக்கம் பக்கம் அறை வாடகை, ஓட்டோ, சாப்பாடு. வேர்ச்சிகிச்சை ஒரு தடவையில் முடியாது, உறைக்கு அளவெடுத்த பிறகு அது செய்து வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நாட்களில் வேறென்ன வேலை? தியாகராய நகரில் சேலை வாங்கினோம். பல்லில் மிச்சம் பிடித்தது சேலையில் போனது.

ஏஜென்சிக்காரர் கிளினிக்கிடமும் கொமிசன் வாங்குவார், உங்களிடமும் வாங்குவார். நேரே கிளினிக்கோடு கதைத்தால் விலை குறையும்.

நல்லதென்று சொல்ல ஒன்று இருக்கிறது. டொக்டர் தமிழில் கதைப்பார். கொழும்பில் மனைவியைக் காட்டியபோது, அவர் சொன்னதில் பாதியை மருந்தகத்துப் பொடியன்தான் எங்களுக்கு விளங்கப்படுத்தினான். வயதான ஆட்களுக்கு இது பெரிய விஷயம்.

தேவி சுவிஸ்

தங்கச்சி, உங்கள் அண்ணா ஏன் இப்படி நிற்கிறார் என்று நான் சொல்கிறேன். இங்கே எல்லோருக்கும் கட்டாய மருத்துவக் காப்புறுதி இருக்கிறது, ஆனால் சாதாரணப் பல் வைத்தியம் அதற்குள் வராது. விபத்து, பாரதூரமான நோய் என்றால்தான் பார்ப்பார்கள். சூத்தையை அடைப்பதும் உங்கள் காசு, பல் வைப்பதும் உங்கள் காசு. என் கணவருக்கு ஒரேயொரு இம்பிளாண்டும் உறையும் 4000 பிராங்குக்கு மேலே எழுதித் தந்தார்கள். அதனால் இங்குள்ள வெள்ளைக்காரரே ஹங்கேரிக்குப் போகிறார்கள். ஷொப்ரோன் என்று எல்லையோரத்தில் ஒரு ஊர், தெருவுக்குத் தெரு பல் கிளினிக்தான். இதைக் கண்டு கண்டு, பல் என்றாலே நாடு விட்டு நாடு போவது என்ற எண்ணம் எங்களுக்கு வந்துவிடுகிறது.

எங்களில் பலருக்கு அந்த வெளிநாடு வவுனியாவும் யாழ்ப்பாணமும்தான். கோயில் திருவிழாவுக்கு வருகிற சாட்டில் பல்லையும் முடித்துக்கொண்டு போவோம். நானும் அப்படித்தான் செய்தேன். டொக்டர் கெட்டிக்காரன், வேலையும் மலிவு. ஆனால் என் லீவு முடிகிறதென்று எல்லாம் அவசரம். உறை கொஞ்சம் உயரமாக இருந்து, இங்கே வந்த பிறகு கடிக்கும்போது நோக ஆரம்பித்தது. இங்குள்ள பல் வைத்தியர் அதைத் தொட விருப்பமில்லை என்றார். இன்னொருவர் செய்த வேலைக்குத் தன்னால் பொறுப்பெடுக்க முடியாதாம், வேண்டுமானால் கழற்றிவிட்டுப் புதிதாகச் செய்யலாமாம். மலிவு அந்த இடத்தில் நின்றுவிட்டது.

பல்லும் சொல்லும்

நான் அரச சேவையில் இருக்கும் பல் வைத்தியர். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள், திங்கட்கிழமை வாசலில் வரிசை கூடிவிடும்.

மல்லாவி மகள், விலையைப் பிறகு பார்ப்போம். முதலில் அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கள். வெற்றிலை போடுவாரா? நீரிழிவு இருக்கிறதா? எலும்புத் தேய்வுக்கென்று கிழமைக்கு ஒரு குளிசை ஏதும் எடுக்கிறாரா? வெளிநாட்டுப் பிள்ளைகள் வாங்கி அனுப்பும் மருந்துகளில் அது அடிக்கடி இருக்கும். அலென்ட்ரோனேற் போன்ற அந்தக் குளிசைகளை நீண்ட காலம் எடுத்தவர்களுக்குத் தாடையில் அறுவை செய்தால், சிலருக்குப் புண் ஆறாமல் எலும்பு வெளியே தெரிகிற நிலைகூட வரலாம். வருவது அரிது, ஆனாலும் கேட்காமல் கத்தி வைக்கக் கூடாது. எக்ஸ்ரேயே பார்க்காமல் எட்டு என்று சொன்னவர் இதில் எதையும் கேட்டிருக்க மாட்டார்.

இனி அந்த ஒரு கிழமைக் கதை. இம்பிளாண்ட் என்பது எலும்புக்குள் வைக்கும் டைட்டேனியத் திருகு. சுவீடனைச் சேர்ந்த பிரனெமார்க் என்ற ஆய்வாளர், உயிருள்ள எலும்பு டைட்டேனியத்தோடு ஒட்டி வளர்வதை 1950களில் முயல்களில் கண்டார். 1965 இல் முதல் நோயாளிக்கு வைத்தார். எலும்பு அப்படி இறுகிப் பிடிக்கக் காலம் வேண்டும். கீழ்த்தாடையில் ஏறக்குறைய மூன்று மாதம், மேற்றாடையில் ஆறு மாதம் வரை என்பது பழைய கணக்கு. இப்போது சிலருக்கு இன்னும் கெதியாகச் செய்கிறார்கள். வைத்த அன்றைக்கே பல் பூட்டுவதும் உண்டு, அது பொய்யில்லை. ஆனால் எலும்பு திடமாக உள்ளவர்களுக்குத்தான் அது சரிவரும். அன்றைக்குப் பூட்டுவது பெரும்பாலும் தற்காலிகப் பல். நிரந்தரப் பல்லுக்கு மாதக் கணக்கில் கழித்துத் திரும்பவும் போக வேண்டும். விளம்பரத்தில் அந்த இரண்டாம் பயணம் இருக்காது. இந்தியாவின் மருத்துவ ஈ-விசா 60 நாளைக்குத்தான், அதற்குள் மூன்று தடவை நுழையலாம். மூன்று மாதம் கழித்துப் போவதென்றால் விசாவையும் திரும்ப எடுக்க வேண்டும்.

அம்மாவுக்கு எட்டு எதற்கு என்பது அடுத்த கேள்வி. பல் போன பிறகு தாடை எலும்பு கரைந்துகொண்டே போகும். மேலே உள்ளதைவிடக் கீழே உள்ளது கூடுதலாகக் கரையும். மேல் கட்டுப்பல்லுக்கு அண்ணம் முழுவதும் பிடிமானம், கீழே நாக்கு அசைகிற ஒவ்வொரு தடவையும் அது தட்டுப்படும். ஆகவே கீழ்க் கட்டு ஆடுவது உங்கள் அம்மாவுக்கு மட்டும் வந்த வினையில்லை. 2002 இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், கீழ்வாயில் பல்லே இல்லாதவர்களுக்கு முதலில் யோசிக்க வேண்டியது முன்பக்கம் இரண்டு இம்பிளாண்ட், அதன்மேல் கழற்றிப் போடக்கூடிய கட்டுப்பல் என்று கூட்டாகச் சொன்னார்கள். சட்டையில் அமுக்குப் பொத்தான் பூட்டுவது போலக் கட்டுப்பல் அதில் போய்க் கொளுவிக்கொள்ளும். இரண்டு போதுமான இடத்தில் எட்டு என்றால், மீதி ஆறும் யாருக்காக என்று அண்ணாவைக் கேளுங்கள்.

கனகராயன்

டொக்டர் சொல்வதெல்லாம் சரி. ஆனால் அந்த இரண்டையும் எங்கே போய் வைப்பது? எங்கள் பக்கத்து அரச ஆஸ்பத்திரியில் பல்லுப் பிடுங்க வேண்டுமென்றால் காலையில் போய் மத்தியானத்துக்குள் வீட்டுக்கு வரலாம், ஐந்து சதமும் இல்லை. நன்றி சொல்ல வேண்டிய விஷயம், மறுக்கவில்லை. பல்லு வைக்க வேண்டுமென்றால் கதை வேறு. கடைவாய்ப் பல்லுக்கு வேர்ச்சிகிச்சை என்றாலே "வெளியில் செய்யுங்கோ" என்கிறார்கள். 2022 இல் பல் அடைக்கிற சாமானே இல்லை என்று அனுப்பினதையும் மறக்கவில்லை. பிடுங்குவது இலவசம், காப்பாற்றுவது காசு. அதனால்தான் வன்னியில் நாற்பது வயதிலேயே பொக்கை வாயோடு திரிகிறோம். சனம் சென்னைக்குப் போகாமல் என்ன செய்யும்?

பல்லும் சொல்லும்

கனகராயன், உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. மாவட்ட ஆஸ்பத்திரியில் இம்பிளாண்ட் எதிர்பார்க்க முடியாது. இலவசத்துக்கும் தனியாருக்கும் நடுவில் உள்ள இடம் பேராதனைப் பல் வைத்தியசாலை. பல் வைத்தியர்களைப் பயிற்றுவிக்கும் இடம், துறைக்குத் துறை நிபுணர்கள் இருக்கிறார்கள். கொழும்பில் தேசிய பல் வைத்தியசாலை இருக்கிறது. தூரம்தான், தவணைக்குத் தவணை போய்வர வேண்டும், மொழிப் பிரச்சினையும் உண்டு. ஆனாலும் பிழைத்துப்போனால் பஸ் ஏறித் திரும்பிப் போகக்கூடிய தூரம். வவுனியா, யாழ்ப்பாணத்திலும் தனியாரில் செய்பவர்கள் இருக்கிறார்கள். இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

நான் சென்னைக்குப் போகாதே என்று சொல்லவில்லை. ஒரே இருப்பில் முடிகிற வேலைக்குப் போகலாம். ஆறு மாதம், ஒரு வருடம், ஐந்து வருடம் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய வேலைக்குத்தான் யோசிக்கச் சொல்கிறேன். இம்பிளாண்டுக்குச் சூத்தை வராது, ஆனால் அதைச் சுற்றி முரசு வீங்கி எலும்பு கரையலாம். அதை யார் பார்ப்பது?

லண்டன் மாமா

இங்கே நிலைமையைக் கேளுங்கள். இங்கிலாந்தில் என்எச்எஸ் என்ற அரச சுகாதார சேவையின் பல் வைத்தியத்தில் உறை, கட்டுப்பல் எல்லாம் மூன்றாம் கட்டணப் படி, 2025 ஏப்ரலில் அது 326 பவுண் 70 பென்ஸ் ஆனது. எத்தனை உறை என்றாலும் ஒரே கட்டணம், கேட்க நல்ல மலிவு. ஆனால் புதிதாக ஆள் எடுக்கிற என்எச்எஸ் பல் வைத்தியரைக் கண்டுபிடிப்பதுதான் பாடு. இம்பிளாண்டும் சாதாரணமாக அதில் கிடையாது. அதனால் இளம் பிள்ளைகள் துருக்கிக்குப் பறக்கிறார்கள். அழகுக்கென்று நல்ல பற்களையெல்லாம் முளைக்குச்சி மாதிரி அராவி, மேலே வெள்ளை வெளேரென்று உறையை மாட்டி அனுப்புகிறார்கள். அராவின பல் திரும்ப வளருமா? 25 வயதில் செய்தால் வாழ்க்கை முழுக்க அந்த உறைகளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

ரொறன்ரோ தம்பி

கனடாவில் உள்ள அம்மா அப்பாமாருக்குச் செய்து கொடுப்பவர்கள் கவனிக்க: தனியார் பல் காப்புறுதி இல்லாமல், குடும்ப வருமானம் 90,000 டொலருக்குக் கீழே இருந்தால் மத்திய அரசின் பல் பராமரிப்புத் திட்டம் இருக்கிறது. 2024 மே மாதம் முதியவர்களோடு தொடங்கியது. கட்டுப்பல் அதில் வரும், இம்பிளாண்ட் வராது. பலர் இது தெரியாமல் ஊருக்குக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள்.

செட்டிகுளத்தாள்

இழையைத் திருப்புகிறேன், மன்னிக்கவும். தங்கைக்குக் கலியாணம் பேசுகிறோம். சின்ன வயதிலிருந்தே முன்பற்களில் மண்ணிறப் படலம். எத்தனை தரம் தீட்டினாலும் போகாது. லண்டன் மாமா சொன்ன மாதிரித்தான், எங்கள் சித்தப்பாவும் துருக்கியில் செய்யலாம் என்கிறார். கொழும்பில் ஒரு கிளினிக் எட்டுப் பல்லுக்கு உறை போடச் சொல்கிறது. பல் நோவு எதுவும் இல்லை.

பல்லும் சொல்லும்

செட்டிகுளம் என்றதுமே பாதி விளங்கிவிட்டது. அது தீட்டாத அழுக்கு இல்லை, கிணற்றுத் தண்ணீரில் உள்ள புளோரைட். வவுனியா, அனுராதபுரம் பக்கத்து நிலத்தடி நீரில் பல இடங்களில் அது கூடுதல். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மேல் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம், வெயிலில் நிறையத் தண்ணீர் குடிக்கும் எங்களைப் போன்ற இடங்களில் அதைவிடக் குறைவாக இருப்பதே நல்லம். ஈறுக்குள் பல் உருவாகிற வயதில், அதாவது எட்டு வயதுக்குள், அந்தத் தண்ணீரைக் குடித்த பிள்ளைக்குத்தான் படலம் வரும். வளர்ந்த பிறகு குடித்தால் பல்லில் வராது.

அராவ வேண்டாம். இலேசான படலம் என்றால் மேற்பரப்பை மெல்லிசாகத் தேய்த்தெடுப்பது, வெளிற வைப்பது, பல் நிறப் பசை பூசுவது என்று பல்லுக்குச் சேதமில்லாத வழிகள் இருக்கின்றன. இங்கேயே செய்யலாம், விமானம் தேவையில்லை. கடுமையான படலம் என்றால்தான் அடுத்த கட்டத்தை யோசிக்க வேண்டும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஊரில் உள்ள ஆர்ஓ வடிகட்டித் தண்ணீரைக் கொடுங்கள். சிறுநீரக நோய்ப் பயத்தில் வைத்தார்கள், புளோரைட்டையும் அது எடுத்துவிடும்.

புதுக்குடியிருப்பு

டொக்டர், எனக்கும் ஒரு கேள்வி. 2009 இல் பட்ட ஷெல் துண்டு வலப்பக்கக் கீழ்த்தாடைக்குப் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. அந்தப் பக்கம் கடைவாய்ப் பற்கள் அப்போதே போய்விட்டன. சென்னையில் ஒரு இடத்தில் காட்டினேன். ஸ்கான் படத்தில் துண்டைச் சுற்றிக் கோடு கோடாக விழுந்து ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். பிறகு, என்ன விபத்து என்று கேட்டார்கள். சொன்னேன். அதற்குப் பிறகு அவர்கள் வேலையைப் பற்றிக் கதைக்கவில்லை, சண்டையைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டு இருந்தார்கள். எழும்பி வந்துவிட்டேன். எனக்கு அந்த இடத்தில் பல் வைக்கலாமா?

பல்லும் சொல்லும்

அண்ணை, படத்தைப் பார்க்காமல் ஆம், இல்லை என்று நான் எழுதக் கூடாது. உலோகம் இருந்தால் ஸ்கானில் அப்படித்தான் கோடு விழும், அதனால் பல் வைக்கவே முடியாது என்று ஆகிவிடாது. துண்டு எங்கே, தாடைக்குள் ஓடும் நரம்புக்கு எவ்வளவு கிட்ட என்பதைப் பொறுத்தது. யாழ் போதனா வைத்தியசாலையில் வாய் முக அறுவை சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள். இப்படிப்பட்ட காயங்களை அவர்கள் நிறையக் கண்டவர்கள், கதை கேட்க மாட்டார்கள். பழைய கிளினிக் கொப்பி, டிக்கெற் எது இருந்தாலும் கொண்டு போங்கள். எப்போதாவது எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால், உடம்பில் துண்டு இருப்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். காந்தம் அதை அசைக்கக்கூடும்.

பரந்தன் பாலன்

அண்ணை, பிளேனில் போகும்போதும் ஒரு டொக்டர் கடிதம் கையில் வைத்திருங்கள். என் மைத்துனருக்குத் தொடையில் துண்டு. மெசின் கத்தினால் போதும், ஒவ்வொரு தடவையும் தனியே கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

மல்லாவி மகள்

டொக்டர் கேட்டதற்குப் பதில். சீனி வருத்தம் இருக்கிறது, மருந்து எடுக்கிறார். எலும்புக் குளிசை இல்லை. வெற்றிலை... அது இல்லாமல் அம்மா இல்லை. பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை எல்லாம் சேர்த்துத்தான். இப்போது உறைப்புச் சாப்பிட்டால் வாய் எரிகிறது என்கிறார். கட்டுப்பல் உரசி வந்த எரிவு என்று நினைத்தோம்.

பல்லும் சொல்லும்

தங்கச்சி, இம்பிளாண்ட், சென்னை, சுவிஸ் எல்லாவற்றையும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். இந்தக் கிழமைக்குள் கிளிநொச்சி ஆஸ்பத்திரிப் பல் பிரிவில் அம்மாவின் வாயைக் காட்டுங்கள். எரிவு, வெள்ளை அல்லது சிவப்புப் படலம், வாய் முன்புபோல் அகலத் திறக்காமை, இரண்டு மூன்று கிழமையாகியும் ஆறாத புண், இதில் எது இருந்தாலும் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். இலங்கை ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் வாய்ப் புற்றுநோய்க்கு. வெற்றிலை போடும் பெண்களையும் அது விடாது. புகையிலையைத் தவிர்த்து வெறும் பாக்குப் போட்டால் ஆபத்தில்லை என்பதும் சரியில்லை, பாக்கே புற்றுநோய் தரும் பொருள்தான். பயமுறுத்த எழுதவில்லை. பெரும்பாலும் நேரத்தோடு பிடித்துவிடலாம்.

சீனிக்கு எச்பிஏ1சி சோதனையும் செய்யுங்கள், கடந்த இரண்டு மூன்று மாதச் சீனி நிலையை அது காட்டும். அது கட்டுப்பாட்டில் இல்லாமல் யார் எந்த நாட்டில் திருகு வைத்தாலும் பிடிக்காமல் போகிற சாத்தியம் கூடும்.

கனகராயன்

வட்ஸ்அப்பில் விலை போட்டவன் இதைக் கேட்டானா? டொக்டர், உங்கள் ஆஸ்பத்திரி எதுவென்று சொல்லுங்கோ, நான் வரிசையில் நிற்கிறேன்.

மல்லாவி மகள்

கொஞ்ச நாள் எழுதவில்லை, மன்னிக்கவும். கிளிநொச்சியில் பார்த்துவிட்டு யாழ்ப்பாணத்துக்கு எழுதித் தந்தார்கள். கன்னத்தின் உள்பக்கம் வெளிறி இறுகியிருக்கிறதாம். சின்னத் துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் இல்லை. ஆனால் இறுக்க நோயின் தொடக்கம், பாக்கை நிறுத்தாவிட்டால் வாய் திறப்பது குறைந்துகொண்டே போகும் என்றார்கள். தவணைக்குத் தவணை காட்ட வேண்டும். எல்லாம் இலவசம், பஸ் காசுதான்.

அம்மா டொக்டருக்கு முன்னால் தலையாட்டிவிட்டு, வெளியே வந்து "ஒரு நாளைக்கு ஒன்று போட்டால் என்ன?" என்று கேட்டார்.

கீழ்க் கட்டுப்பல்லை வவுனியாவில் புதிதாகச் செய்யக் கொடுத்திருக்கிறோம். இரண்டு இம்பிளாண்ட் விஷயம், சீனி இறங்கி வாயும் சரியானால் பிறகு யோசிக்கலாம் என்றார் அந்த டொக்டர். அண்ணாவுக்கு முதலில் கோபம். இந்த இழையை வாசித்த பிறகு "அப்ப சரி" என்று மட்டும் மெசேஜ் போட்டார்.

ஆனால் ஒரு சிக்கல். அவர் அந்த ஏஜென்சிக்கு ஏற்கெனவே முற்பணம் கட்டிவிட்டாராம், இப்போதுதான் சொல்கிறார். திரும்பக் கிடைக்குமா?

பல்லும் சொல்லும்

சோதனை நல்லபடி வந்தது சந்தோஷம். ஒரு நாளைக்கு ஒன்றும் கூடாது என்று அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். பிறகு இம்பிளாண்ட் வைத்தால், எங்கே வைத்தாலும் சரி, எந்தக் கொம்பனி, எந்த மாதிரி, என்ன அளவு, தொகுதி இலக்கம் என்ன என்று எழுதிய அட்டையை வாங்காமல் வெளியே வராதீர்கள். ஒவ்வொரு கொம்பனியின் திருகுக்கும் சாவி வேறு. அட்டை இல்லாமல் வருகிறவருக்கு ஆணி தளர்ந்தால், என்னிடம் சாவி இருந்தும் எது என்று தெரியாமல் நிற்க வேண்டி வரும். கருவிகளை அவிக்கும் பையில் உள்ள அடையாளம் நிறம் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள், அவித்திருந்தால்தான் அது மாறும், கேட்டால் எந்த நல்ல கிளினிக்கும் கோபிக்காது.

முற்பணத்தைப் பற்றி எனக்குத் தெரியாது, பாலனைக் கேளுங்கள்.

பரந்தன் பாலன்

எப்படிக் கட்டினார்? கார்ட்டில் என்றால், சேவை எடுக்கவில்லை என்று அவருடைய வங்கியில் உடனே எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள், பிந்தினால் எடுக்க மாட்டார்கள். ஆளின் சொந்தக் கணக்குக்கு நேரே போட்டிருந்தால் கஷ்டம். வட்ஸ்அப் மெசேஜ் எதையும் அழிக்க வேண்டாம். ஏஜென்சியை விட்டுவிட்டு நேரே கிளினிக்குக்கு ஒரு கோல் எடுத்து, இந்தப் பெயரில் தவணை போட்டிருக்கிறதா என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். போடவே இல்லை என்றால் அந்த ஆளிடம் கதைக்கிற விதமே வேறு.

மல்லாவி மகள்

கோல் எடுத்தாயிற்று. அப்படி ஒரு பெயரே தங்களிடம் இல்லையாம். அண்ணா இப்போது வங்கியோடு லைனில் நிற்கிறார்.